முகூர்த்தப் பட்டும் மூலிகை பிளாஸ்திரியும்

என் முழங்கால் வலிக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மாமியார் உடம்பு கனம் என்றார். ஆஸ்பத்திரி டாக்டர் வயது என்றார், எனக்கு அப்போது நாற்பத்தொன்று. எதிர்வீட்டுக்காரி எந்த நோவுக்கும் வாயு என்பாள், இதற்கும் அதையே சொன்னாள். பதினான்கு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நான் நின்றுகொண்டே இருக்கிறேன் என்பது மட்டும் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. நிற்பதைப் போய் யார் வேலையில் சேர்த்தார்கள்.

நான் நின்றது பெங்களூர் சிக்பேட்டையில் ஒரு பட்டுச் சேலைக் கடையில். தொண்ணூறுகளின் கடைசி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் கஸ்டமர்களுக்கு மெத்தை வைத்த வட்ட நாற்காலிகள் வரிசையாக இருக்கும். இந்தப் பக்கம், கூரையைத் தொடும் சேலை அலமாரிக்கும் கவுண்டருக்கும் நடுவில், ஓர் ஆள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடக்கிற அளவுக்கு ஓர் இடைவெளி. அதில் பன்னிரண்டு பெண்கள் நின்றோம். கடை கொடுத்த மெரூன் நிற நைலக்ஸ் சேலை, தலையில் மல்லிகை கட்டாயம், முகத்தில் சிரிப்பு கட்டாயம். உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது.

கடையில் சேர்ந்த அன்றே விதிகளைச் சொல்லிவிடுவார்கள். முதல் விதி, கஸ்டமர் கடையில் இருக்கும்போது சேல்ஸ் பெண்கள் உட்காரக் கூடாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். காலை பத்து மணிக்கு ஷட்டர் திறந்ததும் உள்ளே வருகிற முதல் கஸ்டமரிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குக் கடைசியாகப் போகிறவர் வரை அந்தக் கடையில் கஸ்டமர் இல்லாத நிமிஷமே இல்லை என்பது போகப் போகத்தான் விளங்கும். சாப்பாட்டுக்கு அரை மணி. அதுவும் மாடிப்படியில் நின்றுகொண்டு.

இன்னொரு விதி எங்களுக்கு இல்லை, மேனேஜருக்கு. கஸ்டமர் எதிரில் சேல்ஸ் பெண்களை ஒரு வார்த்தை கடிந்து பேசக் கூடாது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த இடத்தில் ஏச்சும் பேச்சும் காதில் விழுந்தால் அபசகுனம் என்று எழுந்து போய்விடுவார்கள் என்பது முதலாளியின் பயம். முதலாளி வாசலையொட்டிக் கல்லாவில் மெத்தைமேல் உட்கார்ந்திருப்பார், காது மட்டும் கடை முழுக்க இருக்கும். அதனால் எங்கள் மேனேஜர் திட்டுவதற்கென்று ஓர் இடம் வைத்திருந்தார். குடோனுக்கு இறங்குகிற படிக்கட்டு. கஸ்டமர் போனதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பக்கத்தில் வந்து, "சொல்ப படிக்கட்டாண்ட வாம்மா" என்பார், கொஞ்சம் வந்துவிட்டுப் போ என்கிற மாதிரி. சிரிப்பு எவ்வளவு பெரிதோ, வாங்கிக் கட்டிக்கொள்வது அவ்வளவு இருக்கும். கஸ்டமரைப் பாதியில் விட்டுவிட்டு வா என்று மட்டும் கூப்பிட மாட்டார். அது அவர் வேலைக்கே உலை.

நான் முகூர்த்தப் பட்டுப் பிரிவில் இருந்தேன். கடையின் நடு இடம், சாமி படத்துக்கு நேர் எதிர். ஃபேன்சி, காட்டன், சிந்தெடிக் என்று எல்லாப் பிரிவிலும் நின்று தேய்ந்த பிறகு, நான்கு வருஷம் முன்புதான் எனக்கு அந்த இடம் கிடைத்திருந்தது. சும்மா கொடுக்கவில்லை. ஒரு கல்யாணக் குடும்பம் எட்டுப் பேராக வந்து உட்காரும். பெண் ஒன்றைப் பார்ப்பாள், அவள் அம்மா வேறொன்றைப் பார்ப்பாள், மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருக்கும் அத்தை எதையுமே பார்க்காமல் மோட்டுவளையைப் பார்ப்பாள். முடிவு சொல்லப் போவது அந்த அத்தைதான். இதையெல்லாம் மூன்றாவது சேலை விரிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் அந்தக் கவுண்டரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

வலி முதலில் வலது காலில் வந்தது. பிறகு துணைக்கு ஆள் வேண்டுமென்று இடது காலையும் சேர்த்துக்கொண்டது. எங்கள் வீடு ஒக்கலிபுரத்தில், ஒரு குறுகலான படி ஏறிப் போகிற மாடி அறை. காலையில் அந்தப் படியில் நேராக இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து இறங்க ஆரம்பித்தேன். டாக்டரிடம் போனேன். நிற்கக் கூடாது, படி ஏறக் கூடாது, தரையில் சம்மணம் போடக் கூடாது என்றார். பறக்கலாமா என்று கேட்க நினைத்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார், அது வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம்.

பிளாஸ்திரியைக் கொண்டுவந்தவள் என் பக்கத்தில் ஃபேன்சி பட்டுப் பிரிவில் நின்ற பெண். இருபத்தாறு வயது, என்னை அக்கா என்பாள். அவள் அண்ணி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள், அவள் மூலம் தெரிந்ததாம். "நாட்டு மருந்துக் கடையில விக்கிறாங்கக்கா. ஒட்டிப் பாரு. புடிச்சா புடிக்கட்டும், இல்லன்னா பிச்சி எறிஞ்சிடு" என்றாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத் துணி, அதன்மேல் அரக்கு நிறத்தில் மூலிகைப் பசை, அதை மூடி ஒரு வழுவழுத்த காகிதம். காகிதத்தை உரித்ததும் கற்பூரமும் நீலகிரித் தைலமும் நொச்சியும் கலந்து ஒரு நெடி வந்து மூக்கைத் திறந்துவிடும்.

அதை ஒட்டுவதற்கும் ஒரு பாடம் இருந்தது, நான் பட்டுத்தான் படித்தேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஒட்டினால் மெஜஸ்டிக் தாண்டுவதற்குள் நழுவிக் கணுக்காலுக்கு வந்துவிடும். அப்படியே சதுரமாக ஒட்டினால் மூலை சுருண்டு பாவாடையோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் நான்கு மூலையையும் கத்தரிக்கோலால் வளைவாக வெட்ட வேண்டும். நடுவில் ஒரு கீறல் போட்டுக்கொண்டால் கால் மடக்கும்போது பிய்த்துக்கொண்டு வராது. ராத்திரியும் அப்படியே விட்டால் தோல் சிவந்து அரிக்கும். இவ்வளவும் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஆனால் அது கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், அது வலியைத் தீர்க்கவில்லை. காலையில் ஒட்டினால் முதலில் ஒரு குளிர்ச்சி, அப்புறம் மெல்ல ஒரு சூடு, மத்தியானம் மூன்று மணி வரை முழங்கால் என் பேச்சைக் கேட்கும். அதற்குப் பிறகு அது அதன் இஷ்டம். ஐந்து மணி நேரம் வலி இல்லாமல் நிற்பது என்றால் என்ன என்று நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். முதல் நாள் மத்தியானம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கஸ்டமர் என்ன ஆச்சு என்று கேட்டார், சேலை தூசி என்று சொன்னேன்.

வாசனைதான் வம்பு. நைலக்ஸ் சேலைக்குள் சூடு ஏற ஏற நெடி கிளம்பிக் கவுண்டர் மேலே வந்துவிடும். பத்தே நாளில் மேனேஜர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இது பட்டுக் கடையா, ஆஸ்பத்திரியா? மங்கள காரியத்துக்கு வர்றவங்க மூஞ்ச சுளிக்கிறாங்க. அத ஒட்டிக்கிட்டு இங்க நிக்கக் கூடாது" என்றார் படிக்கட்டில் வைத்து.

"ஒட்டலன்னா நிக்க முடியாது சார். ஒரு ஸ்டூலு போடுங்க, ஒட்டாம இருக்கேன்" என்றேன்.

"உனக்குப் போட்டா பன்னண்டு பேருக்கும் போடணும்."

"போடுங்களேன் சார்."

நான் ஏதோ கடையில் பங்கு கேட்டது போல அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போனார்.

மூன்று நாள் ஒட்டாமல் வந்தேன். மூன்றாம் நாள் மேல் தட்டிலிருந்து சேலை எடுக்க எம்பியபோது கால் மடங்கி அலமாரியில் நெற்றியை இடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் முடிவு செய்தேன், பிளாஸ்திரி வேண்டும், வாசனை வெளியே தெரியக் கூடாது. இங்கேதான் நான் அந்த அசட்டு வேலையைச் செய்தேன்.

வீட்டில் ஓடிகோலான் பாட்டில் ஒன்று இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் துணி நனைத்துப் போட வாங்கியது. நல்ல வாசனைதானே என்று மறுநாள் காலை பிளாஸ்திரியை ஒட்டி, அதன்மேல் ஓடிகோலானில் நனைத்த கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினேன். போதாதென்று வழக்கமாக வைக்கிற ஒரு முழம் மல்லிகைக்குப் பதில் இரண்டு முழம் வைத்துக்கொண்டேன். கடையில் சாமி படத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு கட்டு ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும். என் கவுண்டருக்கு நேர் எதிரில். இதையெல்லாம் கூட்டிப் பார்க்க எனக்குப் புத்தி வரவில்லை.

பதினோரு மணிக்கு அத்திபெலேயிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. ஏழு பேர், அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியம்மாதான் கையில் கடிவாளம் வைத்திருந்தார், நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். அவர் பக்கமாகவே சேலைகளைப் போட்டேன். அரக்கு, மாம்பழ நிறம், மயில் கழுத்து. பெண்ணுக்கு மாம்பழ நிறம் பிடித்துவிட்டது. பெரியம்மா சேலையைத் தூக்கி ஜரிகையை உற்றுப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். இன்னொரு தரம் உறிஞ்சினார்.

"இன்னாது இது," என்றார் மெதுவாக. "பொணத்தக் கெடத்தின ஊட்டு வாசன வருது?"

அவர் சொன்ன அந்த நொடியே எனக்கும் தெரிந்துவிட்டது. கற்பூரம், மல்லிகை மாலை, கட்டு ஊதுபத்தி, மேலே தெளிக்கிற ஓடிகோலான். என் அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வீசிய அதே வாசனை. ஒன்று குறையவில்லை, நானே பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தேன். பெண்ணின் அம்மா கையிலிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டுப் புடவை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். ஏழு பேரும் எழுந்தார்கள். செருப்பு மாட்டுகிற சத்தம்கூட இல்லாமல் போய்விட்டார்கள். பக்கத்துப் பிரிவுப் பெண் சேலைக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் முட்டியது, பயமும் பிடித்தது.

அன்று மேனேஜர் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது.

"திங்கக்கிழமையிலேந்து நீ கீழ போயிடு. ஃபால்ஸ் பிரிவு. அங்க நாள் பூரா ஒக்காந்துக்கலாம். ஒடம்பு பூரா ஒட்டிக்கலாம், கேக்க ஆளில்ல" என்றார்.

குடோனில் ஓர் ஓரமாக, சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிற இடம் அது. ஒரே ஒரு ட்யூப்லைட். நான்கு பெண்கள் பாயில் சம்மணம் போட்டுக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரை தைப்பார்கள். வெளியே மழையா வெயிலா என்று எங்களிடம்தான் கேட்பார்கள். அவர்களில் இரண்டு பேர் முன்பு மேலே நின்றவர்கள். ஒருத்திக்குப் பல் விழுந்தது, இன்னொருத்திக்கு முகத்தில் வெண்திட்டு வந்தது. கஸ்டமர் கண்ணில் படக் கூடாதவர்களை இறக்கிவிடுகிற இடம் அது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தார். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஒக்காந்து செய்யற வேல குடுக்கறான். இத்தினி நாளா அதத்தான கேட்ட? இப்ப அதுவும் வேணான்னா இன்னாதான் ஓணும் உனக்கு?"

"தரையில சம்மணம் போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு. மேல நின்னா வலி, கீழ ஒக்காந்தா அதவிட வலி."

"அப்ப வலிக்காத வேலையா பாரு."

"வேல வலிக்கல. நிக்கறதுதான் வலிக்குது. நான் என்னா தப்பு செஞ்சேன்னு கண்ணுக்கு மறவா போய் ஒக்காரணும்? மேலயே ஒக்காருவேன்."

அவர் பெருமூச்சு விட்டார். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளும் என்று அவருக்குத் தெரியும், ஆனால் அன்று நான் ஒன்றையும் உருட்டவில்லை. டிவிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை அல்ல, அதன் கீழே இருந்த ஸ்டூலை. பலா மரம், பச்சைப் பெயிண்ட், நான்கு காலும் உறுதி. என் முழங்கால் மடங்குகிற உயரத்துக்குச் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் குளிக்கப் போனதும் டிவியைத் தூக்கித் தரையில் வைத்தேன். இரண்டு முழங்காலிலும் புது பிளாஸ்திரி ஒட்டினேன். ஓடிகோலான் பாட்டிலைத் தொடவில்லை. ஸ்டூலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படி இறங்கினேன். ரயில் பாலத்துக்குக் கீழே ஓர் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, பஸ்ஸுல சீட்டு கெடைக்காதுன்னு கையோட எடுத்துக்கினு போறியா?" என்றார். "ஆமாண்ணா, உங்களுக்கும் ஒண்ணு ஓணுமா?" என்றேன். வேலை போனால் மகள் படிப்பு என்ன ஆகும் என்ற எண்ணம் மெஜஸ்டிக் வரைக்கும் கூடவே நடந்து வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தரம் நின்றேன். நின்றதும் வலித்தது. நடந்தேன்.

அது சிராவண மாதம் தொடங்கியிருந்த சமயம். நமக்கு ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. கன்னடக்காரர்களுக்கு அப்படியில்லை, சிராவணம் பிறந்துவிட்டால் வரமகாலட்சுமி பண்டிகையும் கல்யாணமுமாகக் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. ஷட்டர் திறக்கும்போதே வெளியே இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. மேனேஜர் கல்லாவில் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலைக் கவுண்டருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, கவுண்டர் என் நெஞ்சு உயரத்துக்குச் சரியாக இருந்தது. பதினான்கு வருஷமாக நான் குனிந்து குனிந்து விரித்திருக்கிறேன்.

மேனேஜர் பார்த்துவிட்டார். வேகமாக வந்தார், வருகிற வேகத்திலேயே சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குள் தும்கூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று என் எதிரில் உட்கார்ந்துவிட்டது. அவர் அப்படியே நின்றார்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. கஸ்டமர் எதிரில் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கஸ்டமரை விட்டுவிட்டு வா என்று படிக்கட்டுக்கும் கூப்பிட முடியாது. கஸ்டமர் இருக்கும்போது உட்காரக் கூடாது என்றார்களே, அதே கஸ்டமர் இருக்கிற வரைக்கும் என்னை யாரும் எழுப்ப முடியாது. நாற்காலி காலியானால் நான் தொலைந்தேன். காலியாகக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

நான் அன்று விரித்தது போல என்றைக்கும் விரித்ததில்லை. நின்றுகொண்டு காட்டும்போது முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுவோம். உட்கார்ந்திருந்ததால் மடியில் கொசுவம் வைத்து, அதைக் கவுண்டர் மேலே வழிய விட்டுக் காட்டினேன். கல்யாணப் பெண் மணையில் உட்கார்ந்தால் சேலை எப்படி விழுமோ அப்படி விழுந்தது. மணமேடையில் பெண் உட்கார்ந்துதானே இருப்பாள், இதை ஏன் இத்தனை வருஷம் யாரும் யோசிக்கவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தும்கூர் அம்மாள் மூக்கை உறிஞ்சினார்.

"ஏனம்மா, மண்டி நோவா?" என்றார். முழங்கால் வலியா என்று கேட்டார், அவ்வளவுதான். ஓடிகோலான் இல்லாத அந்த வாசனை வெறும் முழங்கால் வலி வாசனை. எந்த வீட்டில் அது இல்லை. ஹூனம்மா, ஆமாம்மா என்றேன். அவர் தன் கால்களையும் நீட்டிக்கொண்டு, மயில் கழுத்தை எடுக்கச் சொன்னார்.

மேல் தட்டுச் சேலைகளுக்குத்தான் எழ வேண்டும் என்று பயந்துகொண்டிருந்தேன். பக்கத்துப் பிரிவுப் பெண் கேட்காமலே எடுத்துப் போட்டாள். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. தன் கஸ்டமர்களிடம், "முகூர்த்தத்துக்குன்னா அக்காகிட்ட பாருங்க, அவங்க கைராசி" என்று சொல்லி என் பக்கம் அனுப்பினாள். அவளைப் பார்த்து வாசலோரம் காட்டன் பிரிவில் நின்றவளும் அனுப்ப ஆரம்பித்தாள். கைக்குட்டை வாங்க வந்தவரைக்கூட முகூர்த்தப் பட்டில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் எழவில்லை. பக்கத்துப் பிரிவுப் பெண் ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சேலைக் கட்டுக்கு மறைவில் நீட்டினாள், கஸ்டமர் முந்தானை பார்க்கிற நேரத்தில் விழுங்கினேன்.

மேனேஜர் நாள் பூராவும் என்னைச் சுற்றி வந்தார். சிரித்துச் சிரித்து அவருக்குத் தாடை வலித்திருக்கும். மூன்று மணிக்கு பிளாஸ்திரி தன் வேலையை முடித்துக்கொண்டது, வழக்கமாகக் கால் நடுங்கத் தொடங்குகிற நேரம். நடுங்கவில்லை. நான்கு மணிக்கு ஒரு கண்டம் வந்தது. எதிரில் இருந்த குடும்பம் எழுந்துவிட்டது, அடுத்து யாரும் இல்லை. மேனேஜர் பத்தடி தூரத்தில் இருந்தார், வர ஆரம்பித்தார். ஃபேன்சி பிரிவில் அப்போது ஒரு கன்னட அம்மாளும் மகளும் பாதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பிரிவுப் பெண் அவர்கள் முன்னால் கிடந்த சேலைகளை அப்படியே இரண்டு கையாலும் அள்ளி என் கவுண்டரில் போட்டு, "இங்க வெளிச்சம் நல்லா இருக்குதும்மா" என்று கன்னடத்தில் சொல்லி அவர்களை நகர்த்திவிட்டாள். மேனேஜர் ஐந்தடியில் நின்றார். அவளை அந்த இடத்திலேயே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

எட்டு மணிக்குக் கடைசிக் குடும்பம் பையை வாங்கிக்கொண்டு இறங்கியது. ஷட்டர் பாதி இறங்கிய சத்தம் கேட்டது. இனி யாரும் வர மாட்டார்கள். மேனேஜர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார், அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பதினோரு பெண்களும் செருப்பைப் போடாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

அவர் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் ஆச்சரியம். ஒரு தரம் கல்லாப் பக்கம் திரும்பினார். முதலாளி மெத்தைமேல் உட்கார்ந்தபடி அன்றைய விற்பனையைக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. காது மட்டும் எங்கள் பக்கம்தான் இருந்தது. ஸ்டூல் வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேனேஜர் அந்த வார்த்தைக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நாளைக்கு இந்த ஸ்டூல எடுத்துக்கிட்டு வரக் கூடாது" என்றார்.

"வர மாட்டேன் சார்," என்றேன். "இங்கயே இருக்கட்டும்."

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் கணவர் தரையில் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு தரையில் இருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் எங்கே என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்துவிட்டது என்றேன். உனக்குச் சீட்டுக் கிழிந்திருக்கும் என்றார். நாளைக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, சுடுதண்ணீர் ஒத்தி இரண்டு பிளாஸ்திரியையும் உரித்தேன். ராத்திரி பூரா தூக்கம் வரவில்லை.

மறுநாள் புது பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். மழை பிடித்துக்கொண்டதில் கால் மணி நேரம் தாமதம். கடையில் கூட்டம் ஏறியிருந்தது. மேனேஜர் வாசலில் நின்று யாருக்கோ கைகூப்பி வழி காட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்தும் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கவுண்டருக்குப் போனேன். ஸ்டூல் போட்ட இடத்திலேயே இருந்தது. ஆனால் அதில் பக்கத்துப் பிரிவுப் பெண் உட்கார்ந்து, ஒரு குடும்பத்துக்கு மடியில் கொசுவம் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்தும் கற்பூர நெடி வந்தது. இருபத்தாறு வயதில் அவளுக்கும் முழங்கால் வலி என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். தோளில் கைவைத்து உட்கார வைத்தேன். என் பிளாஸ்திரி ஒட்டி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது, மூன்று மணி வரைக்கும் நான் நிற்பேன்.